சார்ஜ் ஏறும் வண்டியும் தாய்மாமன் மடியும்

பாடசாலை குவாட்டர்ஸ்,
ராகலை,
9.10.1957

மரியாதைக்குரிய மாப்பிள்ளை வீரய்யா அவர்களுக்கு, மச்சான் சோலைமலை எழுதிக்கொள்வது. இங்கே நானும் சம்சாரம் நாகலெட்சுமியும் மழை விட்ட நேரங்களில் சுகமாக இருக்கிறோம். நோட்டன் பிரிட்ஜில் தாங்களும் என் தங்கை மீனம்மாவும் மருமகன் அழகனும் மழை பெய்யும்போதும் சுகமாக இருக்க முருகன் துணை செய்யட்டும்.

தங்கள் கடிதம் கிடைத்தது. வெள்ளிக்கிழமை பகலுக்குள் நான் வந்து சேராவிட்டால் அழகனைச் சின்னராசாவின் மடியில் உட்காரவைத்துக் காது குத்திவிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். சின்னராசா எங்கள் பெரியப்பா மகன், மீனம்மாவுக்கு அவனும் அண்ணன் முறைதான், மறுக்கவில்லை. அவனுடைய மடி வருஷம் முழுவதும் காலியாக இருப்பதும் தோட்டமே அறிந்தது. ஆனால் கூடப்பிறந்த தாய்மாமன் நான் இருக்கும்போது அந்தப் பிள்ளை இன்னொருத்தன் மடியில் உட்கார்ந்து அழுதால், நாளைக்கு அவனுடைய கல்யாணத்தில் நான் எந்த முகத்தோடு முன் வரிசையில் உட்காருவது? ஆகவே வருகிறேன். மோட்டார் சைக்கிளிலேயே வருகிறேன். பஸ்ஸில் வரும்படி தாங்கள் அடிக்கோடிட்டு எழுதியிருப்பதைக் கவனித்தேன். கோடு நேராக இருந்தது.

சென்ற முறை ஹட்டனுக்கு இந்தப்பக்கம் வண்டி நின்றுபோய், நானும் வண்டியும் லீக்ஸ் மரக்கறி மூட்டைகளோடு லொறியில் வந்து இறங்கியதைத் தாங்கள் இன்னும் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருப்பதாக மீனம்மா எழுதினாள். சீமைக்குத் திரும்பிப் போன வெள்ளைக்காரத் துரை ஒருவர் இந்தத் தீவைச் சுற்றிப் பார்ப்பதற்கென்று வைத்திருந்த வண்டி அது. இரண்டு பக்கமும் பெட்டி, முன்னால் பூசணிக்காய் அளவுக்கு விளக்கு. எஞ்சினில் எந்தக் குறையும் இல்லை. டைனமோ பெட்டரிக்கு மின்சாரம் ஏற்றவில்லை, அவ்வளவுதான். பெட்டரி தீர்ந்தால் விளக்கும் போகும், எஞ்சினும் போகும். நுவரெலியா மூடுபனியில் இரண்டும் இல்லாமல் போனால் மிஞ்சுவது ஹோர்ன் என்று நினைத்தேன். அதற்கும் பெட்டரி வேண்டுமாம்.

ஆகவே டைனமோவைக் கழற்றி, பிரித்து, துடைத்து, தேய்ந்த கார்பன் துண்டுகளுக்குப் பதில் புதிது வாங்கி, எல்லாவற்றையும் ஒரு தாம்பாளத்தில் ஒழுங்காக வைத்தேன். மறுநாள் ஆயுத பூஜை. குறடு, சுத்தியல், பாடசாலை மணி, நாகலெட்சுமியின் அரிவாள்மனை எல்லாம் சாமிக்கு முன்னால் போனபோது தாம்பாளமும் போனது. பூஜை முடிந்ததும் தாம்பாளத்தில் இருந்ததையெல்லாம் கொண்டுபோய் வண்டியில் பூட்டினேன். பூட்டும்போது இன்னொரு விஷயம் கண்ணில் பட்டது. பெட்டரியின் பிளஸ் வயரை வண்டியின் இரும்புச் சட்டத்தோடு இணைத்திருந்தார்கள். மைனஸைத்தான் இரும்பில் இணைக்க வேண்டும் என்று படித்தவர்களுக்குத் தெரியும். வெள்ளைக்காரன் செய்த பிழையைச் சுதந்திரம் கிடைத்த பிறகும் வைத்திருப்பது முறையல்ல என்று மாற்றிப் பூட்டினேன். விளக்கைப் போட்டேன். சார்ஜ் ஏறுவதையும் இறங்குவதையும் காட்டும் அம்மீட்டர் முள் பிளஸ் பக்கம் பாய்ந்தது. எஞ்சின் ஓடாமலே சார்ஜ் ஏறியது, மாப்பிள்ளை. இப்படி ஒரு வண்டியை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. எவ்வளவுதான் ஏறுகிறது பார்ப்போம் என்று விளக்கை அப்படியே எரியவிட்டேன். காலையில் பெட்டரி செத்துக்கிடந்தது.

தூக்கிக்கொண்டு ஹமீத் நானா கடைக்குப் போனேன். ரேடியோ பெட்டரிகளுக்கு சார்ஜ் ஏற்றித் தருகிறவர்.

"பெட்டரில ஒரு கொறயும் இல்ல மாஸ்டர். வயர ஆரு மாத்திப் பூட்டின?"

"நான்தான். பிளஸ் இரும்புல இருந்துச்சு நானா. பிழையில்லையா?"

"அந்தக் கம்பனிக்காரன் அப்படித்தான் செய்வான். முள்ளு தலகீழாத்தான் காட்டியீக்கும். நீங்க புள்ளயளுக்குக் கணக்கத் திருத்துங்க, வண்டிய உடுங்க."

பெட்டரிக்கு சார்ஜ் ஏற்றி வாங்கிவந்து, வயரைத் திருப்பி மாற்றினேன். இப்படி இரும்பில் சேர்ப்பதற்கு 'எர்த்', அதாவது மண் என்று பெயராம். இந்தியா, இலங்கை என எந்த மண்ணோடு சேருவது என்று முடிவாகாதவர்கள் இந்த மலையில் ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறோம். மோட்டார் சைக்கிளாவது தெளிவாக இருக்கட்டும்.

பிறகும் சார்ஜ் ஏறவில்லை. அதற்குப் பதிலாக வாசனை ஏறியது. எஞ்சினைக் கிளப்பியதும் வண்டியிலிருந்து கோயில் வாசனை வந்தது, மாப்பிள்ளை, சும்மா சொல்லல. கொழுந்து பறிக்கப் போற பொம்பளைங்க நின்னு கன்னத்துல போட்டுக்கிட்டுப் போனாங்க. அவங்கள்ல பேச்சியம்மா ஒரு செவ்வரளிப் பூவைக் கொண்டுவந்து ஹேண்டில்ல சொருகிட்டு, "வண்டியில ஆத்தா எறங்கியிருக்கா மாஸ்டர், இனிமே கால் படாம ஓட்டுங்க"ன்னு சொல்லிட்டுப் போகுது. கால் படாம எப்படி ஓட்டுறது, கியரே கால்லதான இருக்கு. மூக்கை வச்சுக்கிட்டு ஒவ்வொரு எடமா மோந்து பார்த்தேன். டைனமோவுக்கிட்டத்தான் வாசனை அதிகம். பிரிச்சேன். கார்பன் துண்டு உரசி ஓடுற செம்பு உருளையச் சுத்திச் சந்தனம், நடுவுல குங்குமம், நல்லா அப்பியிருந்துச்சு. நாகலெட்சுமியக் கூப்பிட்டேன்.

"ஏம்மா, இதுக்குள்ள போய் எதுக்குச் சந்தனம் வச்ச?"

"நீங்கதான சொன்னீங்க, அதுதான் வண்டிக்கு உசிருன்னு. உசிரு இருக்குற எடத்த விட்டுட்டு மட்கார்டுக்கா பொட்டு வைக்கிறது?"

"மின்சாரம் எப்படிப் போகும்?"

"எங்க அண்ணன் லொறிக்கும் வருஷா வருஷம் நாந்தான் வைக்கிறேன். அது போகுது, வருது."

பெட்ரோலில் துணியை நனைத்துத் துடைத்தேன். செம்புக் கீற்றுகளின் இடுக்கில் காய்ந்திருந்ததை ஊசியால் சுரண்டினேன். பொட்டை அழித்தது ஆகாது என்று அவள் கோபித்துக்கொண்டதால், அவள் கண்ணெதிரே மட்கார்டில் ஒன்று வைத்தேன். பூட்டினேன், கிளப்பினேன், விளக்கைப் போட்டேன். முள் பிளஸ் பக்கம் போய் அங்கேயே நின்றது. இந்த முறை எஞ்சினும் ஓடிக்கொண்டிருந்தது.

ஆகவே, மாப்பிள்ளை, வெள்ளிக்கிழமை விடியும்போது புறப்படுகிறேன். வண்டியின் பெட்டிகளில் சீர் வரும், பின்னால் நாகலெட்சுமி வருவாள், முன்னால் வெளிச்சம் வரும். சின்னராசாவுக்குப் பந்தலில் வேறு ஏதாவது வேலை கொடுத்துவிடவும். தங்கை மீனம்மாவுக்கு என் அன்பும், அழகனுக்கு முத்தமும், அவன் காதுகளுக்கு நீண்ட ஆயுளும். எல்லோரும் மலைபோல நின்று வாழ வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் மச்சான்,
சோலைமலை

பின்குறிப்பு: வெள்ளிக்கிழமை, ஹட்டன் பஸ் நிலையம். கடிதத்தைத் தபாலில் போடவில்லை. சார்ஜ் நிலைத்து நிற்கிறதா என்று உறுதி செய்துகொள்ள நேற்று முழுவதும் வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி எஞ்சினை ஓடவிட்டேன். கடைசிவரை நிலைத்து நின்றது. கடைசி என்பது பெட்ரோல் தீர்ந்த நேரம். ராகலையில் நாளைதான் பெட்ரோல் வருமாம். ஆகவே பஸ்ஸில் வந்தோம். சார்ஜ் முழுதாக ஏறியிருப்பதைத் தங்களுக்கு ஒரு பல்பை எரித்துக் காட்டுவதற்காகப் பெட்டரியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். தலவாக்கலைத் திருப்பத்தில் பஸ் சாய்ந்தபோது அதன் அமிலம் கொஞ்சம் சிந்திவிட்டது. இன்றைக்கென்று எடுத்த ஜரிகை வேட்டி அந்த இடத்தில் கையோடு கரைந்து வருகிறது. நோட்டன் பஸ் கண்டக்டர் பெட்டரியோடு ஏறக்கூடாது என்கிறார். அதை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று நான் சொல்லிவிட்டேன். நாகலெட்சுமி சீரோடும் இந்தக் கடிதத்தோடும் முன்னால் வருகிறாள். நான் அடுத்த பஸ்ஸில். தங்கள் வேட்டி ஒன்றை ரோட்டுக்குக் கொடுத்தனுப்பவும். அதுவரை காது குத்தும் ஆசாரியை உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுங்கள், யாரும் பிள்ளையைத் தூக்க வேண்டாம். வேட்டிதான் போயிற்று. மடி அப்படியே இருக்கிறது.