இன்னும் ரெண்டு வருஷம் போகட்டும்

குடிப்பதற்காக ஒயின் வாங்குகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். விற்பதற்காக வாங்குகிறவர்களும் உண்டு. அவர்கள் வியாபாரிகள், விட்டுவிடுங்கள். பிரான்சில் எங்கள் போர்தோ பக்கத்தில் மூன்றாவதாக ஒரு இனம் விளைகிறது. திறக்காமல் இருப்பதற்காகவே ஒயின் வாங்குகிற இனம். பார்த்தால் சாதாரண மனிதர்தான். தொப்பி, மூக்குக்கண்ணாடி, தொப்பையைப் பிடிக்கிற கம்பளிச் சட்டை. ஆனால் ஒரு பழைய புட்டியை நீட்டிப் பாருங்கள், கைக்குழந்தையை வாங்குகிறவர் மாதிரி இரண்டு கையையும் ஏந்துவார். அங்கேயே அடையாளம் தெரிந்துவிடும்.

என் பக்கத்து வீட்டு அர்மான் துக்கோஸ் இந்த இனத்தின் முழு வளர்ச்சி அடைந்த உதாரணம். நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். கடைப் பக்கமே போகமாட்டார். "கடைப் புட்டி ஊர் சுத்தின புட்டி. எந்த லாரில கெடந்து வெயில்ல வெந்துதோ, யார் கண்டா?" என்பார். அவருக்கு வேண்டியது, திராட்சைத் தோட்டத்துக்காரர்களே தங்கள் நிலவறையில் இருபது வருஷத்துக்கு மேல் தூங்கவைத்து, வருஷத்தில் ஒரு நாள் கதவைத் திறந்து, அன்றைக்குத்தான் தூசியைத் துடைத்து லேபிள் ஒட்டி, ஆளுக்கு ஒன்று என்று எண்ணிக் கொடுக்கிற சிவப்பு ஒயின். பிறந்த இடத்தை விட்டு ஒரு முழம்கூட நகராத ஒயின்.

கவனித்தீர்களா? காத்திருக்கிற வேலையைத் தோட்டத்துக்காரர்களே முடித்துவிடுகிறார்கள். வாங்குகிறவருக்கு மிச்சம் இருப்பது குடிக்கிற வேலை ஒன்றுதான். அதைத்தான் நம் ஆளால் செய்யமுடியாது.

பத்து வருஷத்துக்கு முன்பு, அவர் மனைவி சொலாஞ்சுக்கு ஐம்பது முடிகிற சமயம், அவர்கள் கல்யாண வருஷத்து அறுவடையில் செய்த ஒயினைத் தோட்டத்தில் வெளியே விட்டார்கள். நானும் கூடப் போயிருந்தேன். தோட்டத்துச் சொந்தக்காரி மதாம் பெலிசியே வளைத்துப் பேசத் தெரியாதவர்.

"இந்த வாரமே தொறந்துடுங்க மிஸ்யே. நாங்க காத்திருந்தாச்சு, நீங்க வேற காத்திருக்க வேணாம். தொறந்தா உடனே குடிச்சிடணும். வயசான ஒயின், அரை மணிக்கு மேல தாங்காது."

"அதுக்கென்ன மதாம், தெரியாதா எனக்கு!" என்றார் அர்மான்.

திரும்பி வரும்போது முன் சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தது புட்டி. சொலாஞ்சும் நானும் பின்னால். ஒரு டிராக்டர் எங்களை முந்திக்கொண்டு போயிற்று. ஒவ்வொரு பள்ளத்துக்கும் அர்மான் புட்டியிடம் மன்னிப்புக் கேட்டார். எங்கள் இடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும், "பயணக் களைப்பு இருக்கும், ஒரு மாசம் படுக்கட்டும்" என்றார். ஒரு மாதம் கழித்து மழைக்காலம், காற்றில் ஈரம், ஒயினின் மனநிலை சரியில்லை. அப்புறம் கோடை. அப்புறம் வந்த விருந்தாளிகளுக்கு நாக்கு சரியில்லை. ஐம்பத்தைந்தாவது பிறந்தநாள் வந்தது, மகள் கல்யாணம் வந்தது, போனது. எப்போது கேட்டாலும் ஒரே பதில்: "இன்னும் ரெண்டு வருஷம் போகட்டும்."

இந்த வருஷம் சொலாஞ்சுக்கு அறுபது. பிறந்தநாள் ஞாயிற்றுக்கிழமை. டாக்டர் புதிதாக மாத்திரை எழுதியிருந்தார். திங்கட்கிழமை ஆரம்பித்தால் ஆயுசு முழுக்க. அதோடு ஒயின் ஒரு சொட்டுகூட ஆகாது.

"ஞாயித்துக்கிழமை விட்டா எனக்கு வேற நாள் கெடையாது அர்மான். நம்ம கல்யாணத்து ஒயினை ஒரு வாய் கேக்கறேன். என் சமாதியில ஊத்தலாம்னு வச்சிருக்கியா?"

அர்மான் வெளிறிப்போய்ச் சம்மதித்தார்.

மதியச் சாப்பாட்டுக்கு மகள், மருமகன், நான். மேஜையில் வாத்து வறுவல் ஆவி பறந்துகொண்டிருந்தது. அர்மான் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் வண்டல் கலங்காமல் குடுவையில் வடித்து, ஐந்து கோப்பைகளில் ஊற்றினார். வாசனை எழுந்தது பாருங்கள், எல்லோர் கையும் கோப்பைக்கு நீண்டது.

"யாரும் தொடாதீங்க! என்னத்தக் குடிக்கப் போறோம்னு மொதல்ல தெரிஞ்சுக்கணும்."

எழுந்து நின்று ஆரம்பித்தார். அந்த வருஷத்து மழை, சரளை மண், நிலவறையின் குளிர்ச்சி, நகராமல் கிடந்த நாட்களின் எண்ணிக்கை. வாத்து ஆறியது. மருமகன் கொட்டாவியை மென்று விழுங்கினான். சொலாஞ்ச், "சாஸ் எடுத்துட்டு வரேன்" என்று எழுந்தாள். போகிற போக்கில் அவள் கோப்பையும் போயிற்று. என்னைப் பார்த்துக் கண்ணால் கூப்பிட்டாள்.

சமையலறையில் அடுப்பில் சாய்ந்து நின்று ஒரு வாய் குடித்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"அன்னைக்கு மழை," என்றாள். "சர்ச் வாசல்ல என் செருப்பெல்லாம் சேறு. இவன் என்னைத் தூக்கிட்டுப் போனான். அப்பல்லாம் யோசிக்கவே மாட்டான், தெரியுமா?"

எனக்கும் ஒரு வாய் கொடுத்தாள். அதை வர்ணித்தால் நானும் அர்மான் ஆகிவிடுவேன். அழுகை வந்தது, அவ்வளவுதான்.

காலிக் கோப்பையில் வேறு புட்டியிலிருந்து கொஞ்சம் ஊற்றிக்கொண்டு சாஸோடு திரும்பினோம். பேச்சு இன்னும் நிலவறையிலேயே இருந்தது. முக்கால் மணி நேரம் கழித்து, "இப்போ!" என்று கோப்பையை உயர்த்தி உறிஞ்சினார் அர்மான். முகம் சுருங்கியது. வாசனை போய், புளிப்பும் தண்ணீருமாக என்னவோ மிஞ்சியிருந்தது. மகள் தட்டைப் பார்த்துக்கொண்டாள். அர்மான் மெதுவாக உட்கார்ந்தார். எனக்கே பாவமாக இருந்தது. இனி அவர் பாடம் கற்றுக்கொள்வார் என்றுகூட நினைத்தேன்.

"நான் அப்பவே சொன்னேன்," என்றார். "இன்னும் ரெண்டு வருஷம் விட்டிருக்கணும்."

சொலாஞ்ச் அவர் கையைத் தட்டிக்கொடுத்தாள். "ஆமா அர்மான். அவசரப்பட்டுட்டோம்."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். சிரித்து முடித்ததும் எழுந்து போய் உங்கள் பீரோவைத் திறந்து பாருங்கள். மடிப்புக் கலையாத பட்டு ஒன்று இருக்கும். யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த சென்ட் பாதி ஆவியாகிப் போயிருக்கும். கண்ணாடி அலமாரியில் விருந்தாளிக்கென்று ஒரு தட்டு செட், பிரிக்காத அட்டைப் பெட்டியில். அதெல்லாம் வேறு, நம்முடையதற்குக் காரணம் இருக்கிறது, சரியான நாள் வரட்டும் என்றுதானே வைத்திருக்கிறோம் என்பீர்கள்.

அர்மானும் அதைத்தான் சொன்னார்.