பெயர் சொல்லாத மன்றாட்டு

வேலையை விடுவதா இருப்பதா என்று யோசிக்கிற மனிதனுக்கு ஊர் முழுக்க ஆலோசனை சொல்லும். ஆண்டவரிடம் மட்டும் கேட்டுக்கொள்ளலாம் என்று ஒதுங்கினால், ஊர் அங்கேயும் வந்து நிற்கும்.

அப்போது நான் நகரசபையான கவுன்சிலில் பார்க்கிங் பகுதியில் இருந்தேன். தண்டக்காசு கட்ட மறுப்பவர்கள் எழுதும் ஏச்சுகளைப் படித்து, மரியாதையாகப் பதில் போடுவது என் வேலை. சலித்துப் போயிருந்தேன். ஆனால் பென்ஷன் உண்டு, லேசில் யாரும் வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள், ஹரோவில் வாங்கிய வீட்டுக்கு மோட்கேஜ் கடன் வேறு. இந்த நேரம் பார்த்துக் குரோய்டனில் ஒரு சின்னக் கம்பெனி என்னை மனேஜராக வரச்சொல்லிக் கூப்பிட்டது. சம்பளமும் கூட, வேலையும் எனக்குப் பிடித்தது. கம்பெனி நிலைக்குமா என்பதுதான் பயம். திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும்.

காலையில் விடுவேன், பின்னேரம் இருப்பேன். (குளிக்கும்போது மட்டும் நல்ல துணிச்சல் வரும்.) என் மனைவி ஜெனிற்றா களைத்துவிட்டாள்.

“இஞ்சேருங்கோ, நீங்கள் முடிவெடுக்கிறதுக்குள்ள அந்தக் கம்பெனியை மூடிப்போடுவாங்கள்.”

தேவாலயத்தில் ஞாயிறு தமிழ்ப் பூசையில் கீபோட் வாசிப்பவன் நான். அன்று தொடங்குமுன் பாதரைத் தனியே பிடித்தேன். பூசை நடுவில், சபையாரின் தேவைகளை ஒவ்வொன்றாகச் சொல்லி எல்லோரும் மன்றாடுவோம். அதில் எனக்காகவும் ஒரு வரி சேர்க்கக் கேட்டேன்.

“பேர் மட்டும் சொல்லிப்போடாதேங்கோ பாதர். ஒபிசில தெரிஞ்சா வில்லங்கம்.”

“சொல்லுவனே? நீர் பயப்படாதையும்.”

மனிதர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். நான் பக்தியாகக் கண்ணை மூடியிருக்க, மைக்கில் அவர் குரல் வந்தது. “பெயர் குறிப்பிட விரும்பாத ஒரு சகோதரருக்காக மன்றாடுவோம். கவுன்சிலில் பார்க்கிங் பகுதியில் நல்ல வேலையில் இருக்கும் இவர், குரோய்டனில் கிடைத்த மனேஜர் வேலைக்குப் போவதா என்று கலங்கி நிற்கிறார். ஞாயிறுதோறும் கீபோட் வாசித்து நம்மை மகிழ்விக்கும் இவருக்கு…”

கோயிலே திரும்பிப் பார்த்தது. என் முழங்கை கீபோட்டில் விழுந்து, கலியாண வீடொன்றுக்காக நான் பதிந்து வைத்திருந்த தாளம் தானாக அடிக்கத் தொடங்கியது. நிறுத்தும் பொத்தானைத் தேடினேன், அகப்படவில்லை. சனம் “ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்பதை அந்தத் தாளத்துக்கே சொல்லி முடித்தது.

பூசை முடிந்து தேத்தண்ணி குடிக்கப் போனால் சூழ்ந்துகொண்டார்கள்.

“கவுன்சில் வேலையை ஆரும் விடுவினமோ? விசரே உமக்கு?” என்றார் ஒருவர்.

“விடும் ஐசே! பென்ஷனைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு கிடக்கப் போறீரோ?” என்றார் இன்னொருவர்.

இரண்டு பேருக்கும் ஓம் ஓம் என்று தலையாட்டினேன். பாடகர் குழுவில் பாடும் மெற்றில்டா அக்கா மட்டும் கண்ணைத் துடைத்து என் கையை அழுத்திவிட்டுப் போனார். கவுன்சிலில் எனக்குப் பக்கத்து மேசையும் அவர்தான்.

வீடு போய்ச் சேருமுன் முடிவெடுத்துவிட்டேன்: கவுன்சிலிலேயே இருப்பது. காரணம் வெறும் பயம்தான்.

திங்கள் காலை ஒபிசுக்குள் நுழைந்தால் கைதட்டல். என் மேசையில் பெரிய கேக், அதன்மேல் பிரியாவிடை வாழ்த்து. அக்கா ஞாயிறே எல்லோருக்கும் அறிவித்து, கேக்கும் வாங்கிவிட்டார்.

“பாதரே கோயில்ல சொன்னாப் பிறகு முடிவுதானே தம்பி,” என்றார் காதுக்குள்.

சிரித்தே அறியாத என் மேலதிகாரி கரென் எழுந்து நின்றார். இவ்வளவு ஏச்சுக்கும் இவ்வளவு பண்பாகப் பதில் எழுதியவர் இங்கே வேறு யாருமில்லை என்று சொல்லும்போது அவருக்குக் குரல் தழுதழுத்தது. அந்த ஒபிசில் நான் கேட்ட முதல் புகழ்ச்சி அது. எனக்கும் அழுகை வந்துவிட்டது. இவர்களிடம் ‘நான் போகவில்லை’ என்று எப்படிச் சொல்வது? அதற்குள் பெரிய துண்டொன்றை வேறு தின்றுவிட்டேன். மத்தியானமே ராஜினாமா கொடுத்து, குரோய்டனுக்கும் போன் செய்தேன்.

கம்பெனி மூடவில்லை. நானும் அங்கே நன்றாகவே இருக்கிறேன் (டிராமில் இடம் கிடைக்காத நாட்களைத் தவிர). இன்றும் பாதர் “பெயர் குறிப்பிட விரும்பாத” என்று தொடங்கினால் போதும், கோயில் முழுக்க என்னைத்தான் பார்க்கும்.

போன மாதம் இன்னொரு கம்பெனி கூப்பிட்டது. மறுபடியும் காலையில் விடுவேன், பின்னேரம் இருப்பேன். நேற்று வீட்டுக்கு வந்தால் மேசையில் ஒரு கேக். மேலே ஓர் எழுத்தும் இல்லை.

“எழுத இடம் விட்டுத்தான் வாங்கினனான்,” என்று ஜெனிற்றா ஐசிங் பையை என் கையில் தந்தாள். “போறதோ இருக்கிறதோ, நீங்களே எழுதுங்கோ. பிறகு வெட்டுவம்.”

யோசித்துக்கொண்டிருக்கிறேன். மகள் ஒரு பக்கத்தால் தின்னத் தொடங்கிவிட்டாள். முடிவு சின்னதாக இருந்தால் மிச்ச இடத்தில் இன்னும் எழுதலாம்.