நவாப் தின்ன ரோடு

அண்ணன் கல்யாணத்துக்கு ஊர்வலக் குதிரை பேசிட்டு வான்னு அத்தா என்னை அனுப்பினாரு. வேலை அவ்வளவுதான்.

திருவெறும்பூர்ப் பக்கம் பெரிய தொழிற்சாலை வரப்போகுதுன்னு ஊரே பேசிக்கிட்டிருந்த காலம். கார்த்திகை மாசம். விட்டு விட்டு மழை. பாலக்கரையில எங்க வீட்டு வாசல்ல பந்தக்கால் ஊனின குழியிலயே தவளை குடிவந்துடுச்சு.

மாப்பிள்ளை குதிரைமேலதான் வரணும்னு அத்தா ஒரே பிடியா நின்னாரு. எங்களை ராவுத்தர் குடும்பம்னு சொல்லுவாங்க. ராவுத்தர்னாலே குதிரைக்காரன்னு அர்த்தம், நம்ம முன்னோருங்க குதிரையிலயே பிறந்து குதிரையிலயே வளர்ந்தவங்கன்னு அத்தா பாத்திரக் கடையில உக்கார்ந்து வர்றவங்க எல்லார்கிட்டயும் சொல்லுவாரு. அத்தாவுக்கு சைக்கிள்ல ஏறவே ஓரத்துல ஒரு கல்லு வேணும். அது வேற விஷயம்.

ஊர்வலத்துக்குன்னு இருந்த ஒரே வெள்ளைக் குதிரை மஸ்தான் பாயோடது. மஸ்தான் பாய் ஜட்கா ஓட்டுறவரு. மெயின்கார்டு கேட்டுலேருந்து ஸ்ரீரங்கத்துக்கு அவரோட செம்பட்டைக் குதிரை நாள் முழுக்க ஓடும். வெள்ளைக் குதிரை மட்டும் வேலை செய்யாது. கல்யாணத்துக்கு மட்டும் வரும். அதுக்குப் பேரு நவாப்.

நவாப் இருந்த இடம் உய்யக்கொண்டான் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், ஒரு மேய்ச்சல் நிலம். அதுக்குள்ள ஒரு கொட்டகை. வாய்க்கால் பாலத்தைத் தாண்டி, கரை ரோட்டுலேருந்து வாழைத் தோட்டத்துக்கும் நெல் வயலுக்கும் நடுவுல இறங்குற ஒரு பாதைதான் வழி.

நான் போனப்ப பாதை இல்ல. சேறு இருந்துச்சு.

புதுச் செருப்பு போட்டிருந்தேன். கல்யாணத்துக்கு வாங்கினது. ஓரமா நடந்தா போயிடலாம்னு நெனைச்சு வலது காலை வச்சேன். முழங்கால் வரைக்கும் போச்சு. அதை எடுக்க இடது காலை ஊனினேன். அதுவும் போச்சு. ரெண்டு காலையும் ஒருவழியா வெளியே இழுத்தேன். செருப்பு ரெண்டும் வரல.

கொட்டகை வாசல்ல மஸ்தான் பாய் பீடி குடிச்சுக்கிட்டே இதையெல்லாம் பார்த்துக்கிட்டிருந்தாரு. கல்யாணத் தேதியைச் சொன்னேன். ரொம்ப சந்தோஷம்னாரு. ஆனா நவாப் வர்றது கஷ்டம்னாரு. போன மழையில இந்தச் சேத்துல அவருக்குக் கால் சுளுக்கிடுச்சாம். அதுலேருந்து ஈரத்துல கால் வைக்கிறதில்லையாம். புல்லை இவர்தான் தலையில சுமந்து உள்ளே கொண்டுபோறாராம்.

"பாதையைச் சரி பண்ணுங்க தம்பி. நவாப் வருவாரு."

என்னை 'தம்பி'ன்னும் குதிரையை 'அவரு'ன்னும் சொன்னதை நான் கவனிச்சேன். ஆனா முழங்கால் வரைக்கும் சேறோட நிக்கிறவன் மரியாதையைப் பத்திப் பேச முடியாது.

வீட்டுல வந்து சொன்னேன். அத்தா கவலையே படல. "நீதான் ரோடு ஆபீஸ்ல இருக்கியே"ன்னாரு.

நான் ஒரு ரோடு கான்ட்ராக்டர்கிட்ட குமாஸ்தா. ரோடு சரியில்லைன்னு வர்ற கடுதாசியை ஒரு கட்டாவும், ரோடு நல்லா இருக்குன்னு நாங்க அனுப்புற பதிலை இன்னொரு கட்டாவும் கட்டி வைக்கிறதுதான் என் வேலை. ரோடு போட்டு நான் பார்த்ததே இல்ல. ஆனா வீட்டுல என்னை எஞ்சினீயர்னு நெனைச்சுட்டாங்க. பொண்ணு வீட்டுலயும் அத்தா அப்படித்தான் சொல்லி வச்சிருந்தாரு. சரி, ஒரு சின்னப் பாதைதானேன்னு நானும் தலையாட்டிட்டேன்.

மறுநாள் ஆபீஸ்ல ரங்கராஜன் சாரைக் கேட்டேன். என் பக்கத்து மேஜை. ஸ்ரீரங்கத்துக்காரரு. எதைக் கேட்டாலும் அவர்கிட்ட பதில் இருக்கும், சரியா தப்பாங்கிறது அப்புறம். தன்னோட வாழைத் தோட்டத்துல தாரு வெட்டின பிறகு மட்டை மலையா கெடக்குன்னாரு. அதை வரிசையா அடுக்கிட்டா போதும்னாரு.

"அதுமேல பெருமாளையே பல்லக்கோட ஏளப்பண்ணலாம் ஜமால். உன் குதிரை எம்மாத்திரம்?"

காவேரிப் பாலம் தாண்டி ஒரு மாட்டு வண்டி நெறைய வாழை மட்டை வந்து இறங்குச்சு. ஒரு பகல் முழுக்க நானே அடுக்கினேன். பார்க்க அழகாத்தான் இருந்துச்சு, பச்சையா, பளபளன்னு. அந்தப் பளபளப்பைப் பத்தி நான் கொஞ்சம் யோசிச்சிருக்கணும்.

குதிரையைக் கூப்பிடுறதுக்கு முன்னால நானே நடந்து காட்டுறேன்னேன். ரெண்டாவது அடியில உக்கார்ந்தேன். உக்கார்ந்தவன் நிக்கல. பாதை முழுக்க வழுக்கிக்கிட்டே போய் மஸ்தான் பாய் காலடியிலதான் நின்னேன். நடந்திருந்தாக்கூட அவ்வளவு சீக்கிரம் போயிருக்க மாட்டேன்.

கொட்டகையிலேருந்து நவாப் தலையை நீட்டி என்னைப் பார்த்துச்சு. மஸ்தான் பாய் வருத்தமா தலையை ஆட்டினாரு. நீங்க விழுந்ததை அவரு பார்த்துட்டாரு, இனிமே அந்த மட்டைமேல கால் வைக்கவே மாட்டாருன்னாரு.

எல்லா மட்டையையும் திரும்ப எடுத்தேன். அதுக்கு இன்னொரு பகல்.

சேத்தை உறிஞ்சுறதுக்கு உமிதான் சரின்னு அடுத்து எனக்கே தோணுச்சு. வரகனேரிப் பக்கம் ஒரு பழைய ரைஸ் மில் இருந்துச்சு. கல்யாணத்தன்னிக்குக் காலையில அங்கேருந்து வண்டி வண்டியா உமியைக் கொட்டினேன். அந்த மாதிரிப் பழைய மில்லுல உமி தனியா, தவிடு தனியா வராதுங்கிறது எனக்குத் தெரியாது. வந்தது முக்காவாசி தவிடு. நல்லா கமகமன்னு இருந்துச்சு. நம்ம ரோட்டுக்கு வாசனை வேற இருக்குன்னு நெனைச்சுக்கிட்டேன்.

அன்னிக்கு வெயில் அடிச்சுச்சு. பாதை தங்கம் மாதிரி மின்னுச்சு. அத்தா பாலத்துமேலேருந்தே பார்த்துட்டு, "ஒழுங்கா ஒரு ரோடு போட நம்ம வீட்டுலதான் ஆள் வேண்டியிருக்கு"ன்னாரு. எனக்கு நெஞ்சு ரெண்டு அங்குலம் விரிஞ்சுச்சு.

மஸ்தான் பாய் கொட்டகையைத் திறந்தாரு. நவாப் வெளியே வந்துச்சு. ஒரு காலை வச்சுச்சு. மோந்து பார்த்துச்சு.

அப்புறம் என் ரோட்டைத் தின்ன ஆரம்பிச்சுடுச்சு.

ஒரு வாய் தின்னும், ஒரு அடி வைக்கும். மறுபடி ஒரு வாய். இழுத்தா வராது, அதட்டினா காதை மட்டும் ஆட்டும். சேத்துல கால் வைக்காத நவாப், தவிட்டுக்காக முழங்கால் சேத்துல நின்னுச்சு. கரை ரோட்டுக்கு வந்து சேர்றதுக்குள்ள மதியத் தொழுகை முடிஞ்சுடுச்சு. அப்பவும் பாதி ரோடுதான் காலி. மீதியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கிட்டே வந்துச்சு. மீதி கிடந்த தவிட்டைக் காட்டி, இதாவது மிச்சம் இருக்கட்டும்னு அதுகிட்டயே சொன்னேன். மனுஷங்க யாரும் என் பேச்சைக் கேக்கிற மாதிரி இல்ல.

குதிரையைக் கழுவி, வெள்ளையாக்கி, ஜரிகைத் துணி போர்த்தி, அண்ணனை ஏத்தினோம். அண்ணன் கபீருக்கும் குதிரைன்னா பயம்தான். ஆனா மாப்பிள்ளை முகத்தை மறைச்சு இடுப்பு வரைக்கும் மல்லிகைச் சரம் தொங்கும். அதனால அவன் பயம் யாருக்கும் தெரியல. அவனுக்கும் எதுவும் தெரியல.

சாயங்கால அசர் தொழுகை முடிஞ்சு ஊர்வலம் கிளம்புச்சு. முன்னால பாண்டு வாத்தியம். நடுவுல நவாப், பக்கத்துல மஸ்தான் பாய். பின்னால அத்தா, நான், ரங்கராஜன் சார், சொந்தக்காரங்க. பொண்ணு வீட்டார் லால்குடிக்காரங்க. வரகனேரியில ஒரு சொந்தக்காரங்க வீட்டுல கல்யாணம். பொண்ணோட அத்தா எங்களை எதிர்கொண்டு அழைக்க வாய்க்கால் பாலத்துக்கே வந்து நின்னாரு. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி. நெல் விவசாயம் பண்றவரு. ரொம்பக் கண்டிப்பானவரு. ஒரு தடவை சம்பந்தம் பேசப் போனப்ப நாங்க லேட்டா வந்தோம்னு டீ குடுக்காமலே அனுப்பினவரு.

பாலத்தைத் தாண்டினா பாண்டு நேரா போகணும். பாண்டு நேராத்தான் போச்சு. நவாப் போகல. கரை ரோட்டுப் பக்கம் திரும்புச்சு.

மஸ்தான் பாய் கடிவாளத்தைப் பிடிச்சு இழுத்தாரு. குதிரை அவரை இழுத்துச்சு. பாண்டுக்காரங்க திரும்பிப் பார்த்துட்டு, வழி மாறிடுச்சுன்னு வாசிச்சுக்கிட்டே ஓடி வந்து மறுபடி முன்னால நின்னுக்கிட்டாங்க. வாசிப்பை மட்டும் நிறுத்தல.

பொண்ணோட அத்தா எங்க அத்தாகிட்ட மெதுவா கேட்டாரு.

"ஏங்க, ஊர்வலம் இந்தப் பக்கம் போறது உங்க வழக்கமா?"

குதிரை எங்க பேச்சைக் கேக்கலைன்னு ஒரு ராவுத்தர் எப்படிச் சொல்லுவாரு? அத்தா கண்ணே இமைக்காம, "ஆமாங்க, பழைய வழக்கம்"னாரு.

வழக்கம்னு சொன்ன பிறகு சம்பந்தி மரியாதையை விட்டுக் குடுப்பாரா? அவரும் வந்தாரு. அவரோட லால்குடிச் சனமும் வந்துச்சு.

அந்தப் பாதை மேலாப்புல தவிடும் உமியும் மூடி, நல்ல மண்ரோடு மாதிரிதான் தெரிஞ்சுச்சு. முதல்ல இறங்கினது பெரிய டிரம் அடிக்கிறவரு. டிரம் மட்டும் மேல நின்னுச்சு. ஆள் பாதி காணோம். பின்னால வந்தவங்களுக்கு அது தெரியல, தள்ளிக்கிட்டே வந்தாங்க. கிளாரினெட்காரரு இறங்கினாரு. அத்தா இறங்கினாரு. ரங்கராஜன் சார் பஞ்சகச்சத்தைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு ஏதோ ஸ்லோகம் சொல்லிக்கிட்டே இறங்கினாரு. நான் ஏற்கனவே ஒரு தடவை இறங்கினவன். எனக்கு இடம் பழக்கம்.

பொண்ணோட அத்தா முழங்கால் வரைக்கும் போனாரு. அப்புறம் எங்க அத்தாவைப் பார்த்தாரு.

"இந்த வழக்கம் இன்னும் எவ்வளவு ஆழம் போகுங்க?"

அத்தாவுக்கு ஏற்கனவே இடுப்பு வரைக்கும் போயிருந்துச்சு.

அப்பதான் குதிரைமேலேருந்து அண்ணன் குரல் வந்துச்சு. பூச்சரத்தைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்து, பயந்து பயந்து கேட்டான்.

"ஜமால், பொண்ணு வீடு வந்துடுச்சா? ஏன்டா எல்லாரும் குள்ளமாயிட்டாங்க?"

கல்யாணம் நின்னுடும்னு நெனைச்சேன். நின்னா அது என்னாலதான். ரோடு போட்டது நான், தவிடு கொட்டினது நான், எஞ்சினீயர்னு சொன்னப்ப வாயை மூடிக்கிட்டிருந்ததும் நான். பொண்ணோட அத்தா முகத்தைப் பார்க்கவே தைரியம் வரல.

அவரோட தோள் குலுங்குச்சு. கோபம்னு நெனைச்சேன். பார்த்தா சிரிப்பு. கண்ணுல தண்ணி வர்ற மாதிரிச் சிரிச்சாரு. அவர் சிரிச்சு நாங்க யாருமே பார்த்ததில்ல. அவங்க ஊர்க்காரங்களே பயந்துட்டாங்க. நாத்து நட்டு இத்தனை வருஷம் சேத்துல நின்னிருக்கேன், பாண்டு வாத்தியத்தோட நின்னது இதுதான் முதல் தடவைன்னாரு. வேட்டியை மடிச்சுக் கட்டினாரு. எங்க அத்தா கையைப் பிடிச்சு வெளியே இழுத்தாரு.

நவாப் மீதி ரோட்டையும் தின்னு முடிச்சிட்டு, அண்ணனோட நேரா கொட்டகைக்குள்ள போய் நின்னுக்கிச்சு. அதுக்கப்புறம் யார் கூப்பிட்டும் வெளியே வரல. அண்ணனை இறக்கி, ரெண்டு பக்கமும் பிடிச்சுக்கிட்டு, சேத்துல நடத்தியே கூட்டிட்டு வந்தோம். மாப்பிள்ளை வரகனேரி வீட்டுக்கு நடந்துதான் போனாரு. வாசல்ல காத்திருந்த பள்ளிவாசல் ஹஜ்ரத் எங்க எல்லாரையும் மேலேருந்து கீழ வரைக்கும் பார்த்துட்டு, முதல்ல கால் கழுவுங்க, நிக்காஹ் எங்கேயும் ஓடிடாதுன்னாரு. கிணத்தடியில மாப்பிள்ளை வீடும் பொண்ணு வீடும் ஒருத்தர் கால்ல ஒருத்தர் தண்ணி ஊத்தினோம். கழுவக் கழுவ முழங்கால்தான் தெரிஞ்சுது. பாதம் தெரியறதுக்குள்ள கிணத்துல தண்ணி கலங்கிடுச்சு. அப்படியே போய் உக்கார்ந்தோம். நிக்காஹ் நல்லபடியா முடிஞ்சுது.

அந்தக் கல்யாண போட்டோ இன்னிக்கும் அண்ணன் வீட்டுக் கூடத்துல மாட்டியிருக்கு. அதுல யாருக்கும் இடுப்புக்குக் கீழ எதுவும் கிடையாது.