நீ அனுப்பிய மெஷின் க்ஷேமம்

திருமயம்,
ஐப்பசி மாதம், 1963

சிரஞ்சீவி மாப்பிள்ளை ஆத்மநாதனுக்கு, மச்சான் சோலையப்பன் ஆசீர்வதித்து எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அக்கா முத்துமாரியும் செவலைப் பசுவும் க்ஷேமம். சிகாகோவில் நீயும் அவ்விதமே இருப்பாய் என்று நம்புகிறேன். நீ அனுப்பிய குப்பை அரைக்கிற மெஷினின் க்ஷேமத்தை விவரமாக எழுதத்தான் இந்தக் கடிதம்.

"மெஷின் நன்றாக ஓடினால் இந்த வருஷமும் லீவு எடுக்கப்போவதில்லை, மக்கர் பண்ணினால் எழுதுங்கள், நானே புறப்பட்டு வந்து பார்க்கிறேன்" என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். நான் அதை உரக்க வாசித்தபோது உன் அக்கா அந்த வரியை மட்டும் இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னாள். நீ கப்பலேறி ஆறு வருஷம் ஆகப்போகிறது, அவளுக்கு ஆசை இருக்காதா. இருந்தாலும் ஒரு மெஷினுக்காக நீ கடல் தாண்டி அலைய வேண்டாம். சைக்கிள் செயின்கூட மாட்டத் தெரியாத மச்சான் என்று ஊரெல்லாம் என்னைக் கேலி பண்ணினாயே, அந்த மச்சான்தான் இன்றைக்கு ஒரு அமெரிக்க மெஷினைக் கட்டி மேய்த்துக்கொண்டிருக்கிறான்.

கொத்தனார் இன்னாசி அடுப்படியில் சிமெண்டுத் தொட்டி கட்டி, அதன் அடியில் மெஷினைத் தொங்கவிட்டு, குழாயைக் கொல்லை வாழைக்குத் திருப்பிவிட்டார். கழிவைப் போட்டு, தண்ணீரை ஊற்றி, சுவிட்சைத் தட்டினால் அரைத்துக் கூழாக்கித் தள்ளிவிடும் என்று நீ எழுதியது வாஸ்தவம். ஆனால் நம் வீட்டில் கழிவு ஏது மாப்பிள்ளை? அரிசி களைந்த தண்ணீர், காய்த்தோல், மிச்சம் மீதி எல்லாம் கழுநீர்ப் பானைக்குப் போய்ச் செவலை வயிற்றில் சேர்ந்துவிடுகிறது. மெஷினுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. நீ ஆசையாய் அனுப்பிய சாமானைப் பட்டினி போட மனசு வருமா? பக்கத்து வீட்டுச் சொர்ணத்திடம் போய், "உங்க வீட்டுக் குப்பை கொஞ்சம் இருந்தாக் குடுங்க" என்று கேட்டேன். ரிடையரான ரோடு ஓவர்சியர் குப்பைக்குக் கையேந்தி நின்றதைத் தெருவே பார்த்தது. "ஏங்க, பென்ஷன் வரலீங்களா?" என்று அந்த அம்மாள் மெதுவாகக் கேட்டாள். சரி, இந்த வம்பே வேண்டாம் என்று கழுநீரில் பாதியை மெஷினுக்குத் திருப்பினேன். மறுநாளே செவலை பால் செம்பை உதைத்துத் தள்ளிவிட்டது. சக்களத்தி வந்த கோபம் அதற்கு.

ஆயுத பூசை அன்றைக்கு மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, தலைவாழை இலையில் பொரி, கடலை, பூசணிக்காய்த் துண்டு எல்லாம் படைத்தோம். நான் கற்பூரத்தைக் காட்டிவிட்டுத் திரும்புவதற்குள் உன் அக்கா படையலை இலையோடு சேர்த்து மெஷினுக்குள் தள்ளிவிட்டாள். கேட்டால், "பூசை எலையத் தெருவுல போடலாமாங்க, மிதிபடாது?" என்றாள். மெஷின் ஓர் உறுமல் உறுமி நின்றுவிட்டது. நான் பதறவில்லை. பியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பானை இறக்கும் இடுக்கியை உள்ளே விட்டு இழுத்தேன். வாழை நார் வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. அதில் செவலைக்கு ஒரு கயிறே திரித்திருக்கலாம்.

அது சரியானதும் முருங்கைக்காய்ச் சக்கை. இந்தத் தரம் உள்ளே ரீங்காரம் மட்டும் கேட்கிறது, சுற்றவில்லை. உன் அக்கா உடனே, "இது நம்மளால ஆகுற வேலையா, தம்பிக்கு எழுதிப் போடுங்க" என்றாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பம்புசெட்டு மெக்கானிக் வெள்ளைச்சாமியைக் கூட்டிவந்தேன். மோட்டார் இருக்கிறது, குழாய் இருக்கிறது, அவனுக்கு அது போதும். "காத்து வாங்குதுங்கய்யா, சாணியக் கரைச்சு ஊத்துனாப் பிடிச்சுக்கிரும்" என்று, தண்ணீர் ஏறாத பம்புக்குச் செய்வதுபோல் ஒரு குடம் கரைத்து ஊற்றினான். சாணி வாழைக்குப் போய்ச் சேர்ந்தது, மெஷின் அசையவில்லை. அப்புறம்தான் எனக்கு யோசனை தட்டியது. பியூஸைப் பிடுங்கினேன். உலக்கையை வாய்க்குள் விட்டு அங்கிட்டும் இங்கிட்டும் நெம்பித் திருப்பினேன், மடக்கென்று விட்டுக்கொடுத்தது. சக்கையை எடுத்துவிட்டு, அடியில் இருக்கிற சிவப்புப் பொத்தானை அமுக்கி, பியூஸை மாட்டி சுவிட்சைத் தட்டினால் ஜம்மென்று ஓடுகிறது. வெள்ளைச்சாமி என்னவோ, "சாணி பிடிச்சிருச்சு பாத்தீங்களா" என்று மீசையைத் தடவிக்கொண்டு போனான்.

அதற்கப்புறம் புளியங்கொட்டை. "கை தவறி விழுந்துருச்சுங்க" என்றாள் உன் அக்கா. தகரக் கொட்டகையில் ஆலங்கட்டி மழை பெய்தாற்போல் ஒரு சத்தம். அதையும் பொறுக்கி எடுத்துச் சரிபண்ணிவிட்டேன். எனக்கு ஒன்றுதான் விளங்கவில்லை. ஒவ்வொரு தரமும், "சரியாப் போச்சா?" என்று வந்து கேட்கிறாள், "ஆச்சு" என்றால் முகம் சுண்டிப்போகிறது. செவலையின் பங்கு குறைகிறதே என்ற வருத்தம் போலும்.

ஆக, மெஷின் பரம சௌக்கியம். அதைப் பற்றிய கவலையை விடு. லீவை வீணாக்காதே. உத்தியோகத்தை நல்லபடியாகப் பார். நம் அய்யனார் துணையால் உனக்கு ஆயுசும் ஆரோக்கியமும் பெருகட்டும். அக்கா உன்னைக் குளிரில் காதைக் கட்டிக்கொண்டு போகச் சொல்கிறாள்.

இப்படிக்கு, அன்பு மச்சான்,
சோலையப்பன்

பின்குறிப்பு: கவரை ஒட்ட ஒரு சோற்றுப் பருக்கை எடுக்கலாம் என்று அடுப்படிக்குப் போனேன். உன் அக்கா தொட்டிமேல் குனிந்து நின்றாள். கையில் முழுசாக ஒரு பனங்கொட்டை, கொல்லையில் கிழங்குக்குப் புதைக்கக் குவித்து வைத்ததிலிருந்து எடுத்தது. "என்ன புள்ள பண்றே?" என்றேன். அவள் ஒளிக்கவில்லை. "எலையப் போட்டேன், முருங்கைச் சக்கையப் போட்டேன், புளியங்கொட்டையப் போட்டேன். நீங்க பாட்டுக்குச் சரியாக்கிட்டே இருந்தா எந்தம்பி எப்பங்க வருவான்?" என்றாள். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

மாப்பிள்ளை, மேலே எழுதியதை எல்லாம் தள்ளிவிடு. மெஷின் அடியோடு கெட்டுப்போயிற்று. பனங்கொட்டை வாயில் பாதியில் நின்றது, நான்தான் உலக்கையை எடுத்து நன்றாக உள்ளே இறக்கினேன். உன் அக்கா சிரித்த சிரிப்பில் செவலை கயிற்றை இழுத்துக்கொண்டு எட்டிப் பார்த்தது. இனி இது வெள்ளைச்சாமியால் ஆகாது, ஒரு குடம் சாணியாலும் ஆகாது. உடனே லீவு போட்டுப் புறப்படு. சாமான் எதுவும் தூக்கிவர வேண்டாம், இடுக்கி இங்கேயே இருக்கிறது. என்னை நம்பி மட்டும் இருந்துவிடாதே. நீ அன்றைக்குச் சொன்னது சரிதான், எனக்குச் சைக்கிள் செயின்கூட மாட்டத் தெரியாது.