நடக்காத சண்டைக்கு ஒரு நடுவர்

சந்தியோகுவுக்கு மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. காரணம், நடக்கவே முடியாத ஒரு குத்துச்சண்டை.

தலைமன்னாரில் அவனும் பக்கத்து வீட்டு அலெக்ஸாண்டரும் ஒரே வள்ளத்தில் தொழிலுக்குப் போகிறவர்கள். வலை இழுக்கும்போதும் ஹெவிவெயிட் கதைதான். சந்தியோகுவின் ஆள் மொட்டையன். எழுபது வயது தாண்டிவிட்ட பழைய சம்பியன். அலெக்ஸாண்டரின் ஆள் நெட்டையன், இப்போதைய சம்பியன். மொட்டையன் தன் இருபத்தைந்து வயதில் நெட்டையனோடு மோதியிருந்தால் யார் வென்றிருப்பார்? இந்த வாக்குவாதத்தில் எத்தனையோ மீன் உயிர் தப்பியது.

வியாழக்கிழமை அது பந்தயத்தில் வந்து நின்றது. சந்தியோகு தோற்றால் அவன் சுவரில் மாட்டியிருக்கும் ஐம்பத்தைந்து அங்குல ரீவி அலெக்ஸாண்டருக்கு. அலெக்ஸாண்டர் தோற்றால் அவனுடைய இரண்டு ஆடுகள் சந்தியோகுவுக்கு. தீர்ப்புச் சொல்ல, குத்துச்சண்டை தெரியாத, ஒருபக்கமும் சாயாத ஆள் வேண்டும்.

“உன்ர மனுசி அஞ்சலா சொல்லட்டும்” என்றான் அலெக்ஸாண்டர்.

சந்தியோகு சம்மதித்த பிறகுதான் வியர்த்தான். பதினாறு வருடத்தில் அஞ்சலா அவனுக்கு ஓம் சொன்னது ஒரே தடவை. அதுவும் கலியாணத்தன்று சுவாமியார் கேட்டதால்.

ஆனால் அதிலேயே ஒரு வழி தெரிந்தது. எதிர்மாறாகப் பேசினால் போதும்!

“இஞ்சேர் அஞ்சலா, அந்த நெட்டையனை வெல்ல ஒருத்தராலும் ஏலாது.”

“மொட்டையன் மொட்டையன் எண்டு உயிரை விட்டனீங்கள்?”

“அவனோ? விசுக்கோத்து. ஒரு குத்துக்கு நொறுங்கிப்போவான்.” சொல்லும்போது அவனுக்கே நெஞ்சு வலித்தது.

அஞ்சலா மீன் செதிலை உரசியபடி கேட்டாள். “நெட்டையன்ர கை எவ்வளவு நீளம்?”

“எண்பத்தைந்து அங்குலம்.”

“மற்றவருக்கு?”

“எழுபத்தெட்டு.”

“ம்.”

அந்த ‘ம்’மை அவன் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தான். அது ‘ஓம்’மின் பின்பாதியா, வெறும் உறுமலா? வெள்ளியும் சனியும் அதே யோசனை. அவனும் நெட்டையனைப் புகழ்ந்துகொண்டே இருந்தான்.

ஞாயிறு பூசை முடிந்ததும் அலெக்ஸாண்டரின் முற்றத்தில் கூடினார்கள். சந்தியோகு கதிரையின் நுனியில் உட்கார்ந்திருந்தான். வாய் செபித்தது.

அஞ்சலா எழுந்தாள். “எனக்கு உந்தச் சண்டையைப் பற்றி ஒண்டும் தெரியாது. ஆனா என்ர மனுசன் எத்தினை வருசமாப் பாக்கிறவர்! அவர் வீட்டில சொன்னதைத்தான் நானும் சொல்லுறன். ஏழாம் றவுண்டில நெட்டையன்.”

சந்தியோகு கதிரையிலிருந்து சரிந்தான். பத்து எண்ணியும் எழும்பவில்லை.

ரீவி சுவரிலிருந்து இறங்கிப் போனது. வெறும் ஆணியைப் பார்த்தபடி அவன் புலம்பினான்.

“ஒருநாளும் என்ர சொல்லைக் கேளாதவள், இண்டைக்கு ஏன் கேட்டனீ?”

“நீங்கள் மனசில எதை வைச்சு வாயால எதைச் சொல்லுறீங்களெண்டு எனக்குத் தெரியாதோ?”

“தெரிஞ்சுமோ? என்ர ரீவியெல்லோ போச்சு!”

“ரீவி வந்தா தன்ர தையல் மெசினைத் தாறனெண்டு அலெக்ஸாண்டர்ர மனுசி றெஜினா போன கிழமையே சொல்லிப்போட்டா. பந்தயத்துக்குத் தன்ர மனுசனை உசுப்பிவிட்டதும், என்னை நடுவராக்கச் சொன்னதும் அவதான்.”

சந்தியோகு வாயைத் திறந்தான். திறந்த வாயோடு வாசலுக்கு வந்தான். வேலிப் படலையடியில் அலெக்ஸாண்டர் மூச்சு வாங்கிக்கொண்டு, தையல் மெசினும் கையுமாக நின்றான்.

“ஆவெண்டு நிக்காமல், போய் ஒரு பக்கம் பிடியுங்கோ” என்றாள் அஞ்சலா.