மச்சானைக் கொன்ற விளம்பரத் தடை

விதி என்று யாராவது எழுதி வைத்துவிட்டால் அதைக் கடைப்பிடித்தே தீருகிற வியாதி எனக்கு உண்டு. படிவத்தில் "பெரிய எழுத்தில் நிரப்பவும்" என்று இருந்தால் என் பெயர் பக்கத்துக் கட்டத்தையும் தாண்டிப் போய்விடும். "வரிசையில் நிற்கவும்" என்ற பலகையைக் கண்டால், ஒரு குருவியும் இல்லாத இடத்தில்கூட நான் தனியாக வரிசையாக நிற்பேன். அரசாங்கக் கந்தோரில் வேலை பார்த்ததால் வந்த வியாதி என்று என் மனைவி சுகந்தி சொல்லுவாள். வியாதி இருந்ததால்தான் கந்தோரில் வேலை கிடைத்தது என்பது என் கட்சி.

இந்த வியாதி முற்றி, சில வருடங்களுக்கு முன், உயிரோடு இருந்த என் மச்சானை ஒரு சனிக்கிழமை காலையில் நான் சாகடித்தேன். சுகந்தியின் சொந்த அண்ணை அவர். ஆயுதம், எட்டு முழ வேட்டி.

எல்லாம் ஒரு விளையாட்டில் தொடங்கியது. கனடாவிலிருந்து லீவில் வந்த பெறாமகள் ஒருத்தி, "சித்தப்பா, உங்களுக்கு இது பிடிக்கும். இதிலை நிறைய ரூல்ஸ் இருக்கு" என்று சொல்லி என் போனில் ஏற்றிவிட்டுப் போனாள். பெயர் ஜியோகாஷிங். (பெயரைக் கேட்டுப் பயப்படாதேயுங்கோ.) ஒருவர் ஒரு சின்னப் பெட்டிக்குள் ஒரு கொப்பியை வைத்து எங்கேயாவது ஒளித்துவிட்டு, அந்த இடத்தைக் காட்டுகிற வரைபட இலக்கங்களை இணையத்தளத்தில் போடுவார். மற்றவர்கள் போனைப் பிடித்துக்கொண்டு தேடி வந்து, கொப்பியில் கையெழுத்து வைத்து, பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போவார்கள். விளையாடாதவர்களுக்கு விசயம் தெரியக்கூடாது. அவ்வளவுதான்.

"தேடிப் பிடிச்சால் என்ன கிடைக்கும்?" என்று சுகந்தி கேட்டாள்.

"கையெழுத்து வைக்கலாம்."

"அதைத்தானே ஒவ்வொரு நாளும் கந்தோரிலை வைக்கிறியள்" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள்.

நானும் ஒரு பெட்டி ஒளிக்க முடிவு செய்தேன். சுகந்தியின் அண்ணை யோகன் மச்சான் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பலாலி வீதியில், ஒரு கூல் பார் வைத்திருக்கிறார். (கடையின் பெயரை இங்கே சொல்ல மாட்டேன். சொன்னால் விளம்பரம் ஆகிவிடும். பட்டுத் தெளிந்தவன் நான்.) பல்கலைக்கழகப் பிள்ளைகள் மொய்க்கிற இடம். கடைப் பலகையைத் தாங்குகிற இரும்புக் கம்பத்தின் பின்பக்கம் காந்தம் வைத்த பெட்டி ஒன்றை ஒட்டிவிட்டு, விவரத்தை எழுதி அனுப்பினேன்.

அனுப்பியதும் உடனே வெளிவராது. ஒரு பரிசோதகர் படித்துப் பார்த்து அனுமதிக்க வேண்டும். எங்கள் பகுதிக்கு வாய்த்தவர் தமக்கு வைத்துக்கொண்ட புனைபெயர் 'பனிக்கரடி'. எந்தத் தேசத்தில் இருந்துகொண்டு யாழ்ப்பாணத்து வெயிலைப் பரிசோதித்தாரோ, தெரியாது.

முதல் தரம் தலைப்பில் கடையின் பெயர் இருந்தது. "வணிக உள்ளடக்கம் அனுமதிக்கப்படாது" என்று திரும்பி வந்தது. நியாயம்தானே என்று பெயரை எடுத்தேன். அடுத்த தரம் "ரோஸ் மில்க்" என்ற சொல்லுக்காகத் திரும்பி வந்தது. அதையும் எடுத்து, "ஒரு குளிர்பானக் கடை" என்று எழுதினேன். கடை என்பதே வணிகமாம். "குளிர்ச்சியான ஓர் இடம்" என்று மாற்றினேன். "அந்த இடத்தின் உரிமையாளர் உங்களுக்கு உறவா?" என்று கேட்டார் பனிக்கரடி. யாழ்ப்பாணத்தில் உறவில்லாத கடைக்காரனை நான் எங்கே போய்த் தேடுவது? "மனைவியின் தமையன்" என்று உண்மையை எழுதினேன். அதற்கு இரண்டு கிழமை மௌனம்.

கடைசியில் என் விவரம் இப்படித் தேய்ந்து அனுமதி பெற்றது: "இது ஓர் இடம். இங்கே ஒரு கம்பம் உண்டு."

அதே கிழமை கடற்கரைப் பக்கத்து விடுதி ஒன்றும் ஒரு பெட்டி ஒளித்தது. தலைப்பே விடுதியின் பெயர்தான். கீழே அறைகளின் படம், நண்டுக் கறியின் படம், நண்டுக் கறிக்குப் பக்கத்தில் முதலாளியின் படம். பெட்டியைக் கண்டுபிடித்தவர்கள் வரவேற்பறையில் சொன்னால் மத்தியானச் சாப்பாட்டில் விலைக்கழிவும் உண்டாம். அடியில் பார்த்தேன். அனுமதித்தவர்: பனிக்கரடி.

அன்று என் இரத்தம் கொதித்தது. விதியை மீறினால் நான் பொறுத்துக்கொள்வேன் (பொய்). ஒருத்தனுக்கு ஒரு விதி, இன்னொருத்தனுக்கு இன்னொரு விதி என்றால் எனக்குச் சோறு இறங்காது. மூன்று பக்கத்தில், பந்திகளுக்கு இலக்கம் போட்டு, ஒரு முறைப்பாடு எழுதினேன். அதில் உணர்ச்சிவசப்பட்டு, "என் பெட்டியோ ஒரு கடைப் பலகையின் கம்பத்தில் அடக்கமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது" என்றும் ஒரு வரி சேர்த்துவிட்டேன்.

பதில் உடனே வந்தது. "ஒவ்வொரு பெட்டியும் தனித்தனியாகவே பரிசீலிக்கப்படும். ஒன்றை அனுமதித்தது இன்னொன்றுக்கு முன்னுதாரணம் ஆகாது. மேலும், உங்கள் பெட்டி கடைப் பலகையில் உள்ளது என்பதை இப்போதுதான் அறிகிறோம். தேடி வருபவர் விளம்பரத்தை வாசிக்க நேரிடாதபடி பார்த்துக்கொள்ளவும்."

புத்தியுள்ளவன் பெட்டியைக் கழற்றிப் பக்கத்து மின்கம்பத்தில் ஒட்டியிருப்பான். ஆனால் இடம் மாறினால் இலக்கம் மாறும், இலக்கம் மாறினால் மறுபடி அனுமதி வேண்டும், மறுபடி பனிக்கரடி. அதற்குள் சுவிஸ்காரத் தம்பதி ஒன்று, சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் தேடி வருகிறோம் என்று எழுதிவிட்டது. என் பெட்டிக்கு வரப்போகிற முதல் ஆட்கள். அவர்கள் பலகையை வாசித்துத் தொலைத்தால் என்ன ஆவது?

பலகையை மூட வேண்டியதுதான். அவ்வளவு நீளத்துக்கு வீட்டில் இருந்தது என் எட்டு முழ வேட்டி ஒன்றுதான். பளீரென்ற வெள்ளை.

"அண்ணையிட்டைக் கேட்டிட்டுச் செய்யுங்கோ" என்றாள் சுகந்தி. மச்சான் முதல் நாளே ஐஸ்கிறீம் மெசினுக்குச் சாமான் எடுக்க வவுனியாவுக்குப் போயிருந்தார். அவருடைய போன் ரோஸ் மில்க் வாளிக்குள் விழுந்து திருத்தக் கொடுத்திருந்தது. ஆகவே கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை. கேட்காமலே கட்டப்போவதைச் சுகந்திக்கும் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஏணி வைத்து ஏறி, பலகையை மூலைக்கு மூலை இழுத்து மூடிக் கட்டினேன். கடை பூட்டியிருந்தது. இறங்கும்போது ஏணியடியில் சிவலிங்கம் அண்ணை நின்றார். பக்கத்தில் போட்டோக் கொப்பிக் கடை வைத்திருப்பவர். மோட்டச்சைக்கிள் நிறுத்துகிற இடத்துக்காக மச்சானோடு இரண்டு வருடமாகக் கதை பேச்சு இல்லை.

"தம்பி, என்னடாப்பா இது?" என்றார்.

விளையாட்டின் இரகசியம் காக்க வேண்டுமே. குரலைத் தாழ்த்தினேன். "கனக்கக் கதைக்க ஏலாது அண்ணை."

"திடீரெண்டோ?"

"திடீரெண்டுதான். மேலையிருந்து உத்தரவு வந்திட்டுது. நாங்கள் என்ன செய்யிறது?"

"ஓம் தம்பி. உத்தரவு வந்தால் ஆரெண்டாலும் அடங்கத்தானே வேணும்." கண்ணைத் துடைத்தார். "வீட்டிலை சொல்லியாச்சோ?"

"இல்லை. சுகந்திக்கு இப்ப தெரியவேண்டாம். அவள் தாங்கமாட்டாள்."

"எப்ப எடுக்கிறியள்?"

"வெளிநாட்டு ஆக்கள் பத்து மணிக்கு வருகினம். அவை பாத்த உடனை எடுத்திடுவன்."

"அவ்வளவு கெதியாவோ?"

"கனநேரம் வைச்சிருந்தால் சனம் ஒரு மாதிரிக் கதைக்கும் அண்ணை."

அவர் என் தோளைத் தட்டிவிட்டு, தன் கடைக் கதவைப் பாதிக்கு இறக்கினார். விதிகளுக்காக இப்படிக் கண்கலங்குகிற மனிதர் ஒருவராவது இந்த வீதியில் இருக்கிறாரே என்று எனக்குப் புல்லரித்தது. நிம்மதியாகச் சந்தைப் பக்கம் பிளேன் ரீ குடிக்கப் போனேன். இரண்டு குடித்தேன்.

பத்து மணிக்குக் கிட்ட வந்து பார்த்தால், கடை வாசலில் சனம். நடுவில், கடையில் சர்பத் அடிக்கிற மலரக்கா நிலத்தில் குந்தியிருந்து, "என்ரை முதலாளி, நேற்றும் சிரிச்சுக் கதைச்சிட்டெல்லோ போனியள்!" என்று தலையில் அடித்துக்கொண்டிருந்தா. மின்கம்பத்தில் ஒரு தாள். 'கண்ணீர் அஞ்சலி. அமரர் யோகநாதன்.' எப்போதோ கொப்பி எடுக்கக் கொடுத்த அடையாள அட்டையிலிருந்து மச்சானின் படத்தைப் பெருப்பித்து, சிவலிங்கம் அண்ணை சொந்தக் கடையில் அடித்து ஒட்டியிருந்தார். அந்தப் படத்தில் மச்சான் ஏற்கெனவே செத்தவர் மாதிரித்தான் இருப்பார்.

அப்போதுதான் நிமிர்ந்து என் வேட்டியைப் பார்த்தேன். கடைப் பலகையில் வெள்ளை கட்டினால் எங்கள் ஊரில் என்ன அர்த்தம் என்பது, அந்த வீதியில் எனக்கு மட்டும்தான் அதுவரை விளங்காமல் இருந்திருக்கிறது.

வாயைத் திறக்க முன் சுவிஸ்காரத் தம்பதி வந்து சேர்ந்தது. சனத்தைக் கண்டதும் அந்த மனிதர் தொப்பியைக் கழற்றினார். அந்த அம்மா என் கையைப் பிடித்து ஏதோ ஆறுதல் சொன்னா. ஆனாலும் அவ்வளவு தூரம் பறந்து வந்தவர்கள் அல்லவா? தொப்பிக்காரர் மெல்லக் கம்பத்தின் பின்னால் கையை விட்டுப் பெட்டியை எடுத்து, கொப்பியில் கையெழுத்து வைத்தார்.

வெள்ளைக்காரர் ஒருவர் மரியாதையாகக் கையெழுத்து வைப்பதைக் கண்டதும் சிவலிங்கம் அண்ணை அடுத்ததாகப் பேனையை வாங்கினார். அவருக்குப் பின்னால் மருந்துக் கடைக்காரர். பிறகு மாணவர்கள். வரிசை ஒன்று தானாக உருவாகி வீதியை எட்டியது. அழகான, ஒழுங்கான வரிசை. என் வாழ்நாளில் ஒரு வரிசையைப் பார்த்து நான் பயந்தது அன்றுதான்.

"அண்ணை, யோகன் மச்சான் சாகேல்லை" என்றேன் சிவலிங்கம் அண்ணையிடம்.

"எங்களுக்கும் அப்பிடித்தான் தம்பி இருக்கு. நம்பேலாமல் கிடக்கு" என்று என்னைக் கட்டிப்பிடித்தார்.

அந்தப் பிடியில் இருந்தபடியே சுகந்தியின் ஸ்கூட்டரைக் கண்டேன். யாரோ கொக்குவிலில் எங்கள் வீட்டுக்குப் போன் பண்ணியிருக்கிறார்கள். "உன்ரை அண்ணை மோசம் போட்டாராம். உன்ரை மனிசன்தான் வெள்ளை கட்டினவராம்" என்று. வீட்டுச் சட்டையோடு, ஒரு காலில் மட்டும் செருப்போடு வந்து இறங்கினாள். அந்த முகத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பகிடி வருவதில்லை. நிமிர்ந்து பார்த்தாள். வேட்டிக் கரையை அடையாளம் கண்டாள். பிறகு பெட்டியை, தொப்பிக்காரரை, கடைசியாக என்னைப் பார்த்தாள். அழுகை நின்றது.

"இஞ்சருங்கோ" என்றாள் மிக மெதுவாக. "உந்தப் பனிக்கரடிக்காகவோ?"

நான் தலையாட்டினேன். வேறு எந்த உறுப்பும் வேலை செய்யவில்லை.

இதற்கிடையில் வவுனியா பஸ்ஸால் வந்த மச்சான், மெசின் சாமானைச் சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு, வரிசையின் கடைசி ஆளிடம் என்ன விசயம் என்று விசாரித்திருக்கிறார். ஆள் திரும்பிப் பாராமலே, "கூல் பார் யோகன் மோசம் போட்டார்" என்றிருக்கிறான். விடியப்புறம் பஸ்ஸில் கொஞ்சம் தலை சுற்றினது உண்மை என்பதால், ஒரு கணம் தானே நம்பிவிட்டதாக மச்சான் பிறகு சொன்னார்.

அடுத்த நிமிடம் சாக்கு நிலத்தில் விழுந்த சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்த மலரக்கா எழும்பி ஓடின ஓட்டம் பரமேஸ்வராச் சந்தி வரைக்கும் நிற்கவில்லை. சனம் இரண்டாகப் பிளந்தது. மச்சான் நடுவால் நடந்து வந்து, கொப்பியை வாங்கி, தன் அஞ்சலிகளை ஒவ்வொன்றாகப் படித்தார். "ஆத்மா சாந்தியடையட்டும். ஃபலூடாவில் சேமியாவைக் குறைத்ததைத் தவிர வேறு குறை சொல்லமுடியாத மனிதர்" என்று ஒரு மாணவன் எழுதியிருந்தான்.

"ஆர் இதைச் செய்தது?"

வீதியே என்னைக் காட்டியது. நான் விளக்கினேன். வணிக உள்ளடக்கம், முன்னுதாரணம், நண்டுக் கறி எல்லாவற்றையும் விளக்கினேன். விளக்க விளக்க மச்சானின் முகம் அந்த அடையாள அட்டைப் படம் மாதிரி ஆகிக்கொண்டு வந்தது.

அவர் வாய் திறக்க முன் சிவலிங்கம் அண்ணை திறந்தார். "எட, நீ சாகேல்லையோ? நான் யாவாரத்தை விட்டிட்டு, சொந்தத் தாளிலை அடிச்சு ஒட்டி, காலமை துவங்கி அழுகிறன். மோட்டச்சைக்கிள் பிரச்சினை இன்னும் முடியேல்லைத் தெரியுமோ!"

"நீர் எனக்காக அழுதனீரோ?" என்று மச்சான் கேட்டார்.

"செத்தவனுக்கு அழுதனான். உனக்கில்லை."

இரண்டு வருடத்துக்குப் பிறகு அவர்கள் கதைத்த முதல் கதை அதுதான். என் பெட்டியால் விளைந்த ஒரே நன்மையும் அதுதான். அன்று பின்னேரம் இருவரும் சேர்ந்தே என்னை ஏசினார்கள்.

சுவிஸ்காரருக்கு விசயம் விளங்கியதும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வேட்டி இறங்கிய பலகைக்குக் கீழே மச்சானை நிறுத்திப் படம் எடுத்து, கடையின் பெயரோடு, ரோஸ் மில்க்கின் புகழோடு, "முதலாளி சாவிலிருந்து எழுந்து வந்து பரிமாறினார்" என்று இணையத்தளத்தில் எழுதினார்கள். மறுநாள் பனிக்கரடி என் பெட்டியை நிரந்தரமாக மூடிவிட்டார். காரணம்: வணிக உள்ளடக்கம். விடுதியைச் சுட்டிக்காட்டி மறுபடி எழுதினேன். முன்னுதாரணம் ஆகாதாம். அந்த விடுதி இப்போது இரண்டாவது பெட்டியும் ஒளித்திருக்கிறது. இந்தமுறை கணவாய்க் கறி.

மச்சான் ஆறு மாதத்தில் மன்னித்துவிட்டார். குடும்பம்தான் இன்னும் மன்னிக்கவில்லை. எங்கள் சொந்தத்தில் எங்கே, யார் இறந்த செய்தி வந்தாலும், கனடாவிலும் சரி கொக்குவிலிலும் சரி, முதலில் கேட்கிற கேள்வி, "உண்மையோ, இல்லாட்டிச் சுகந்தியின்ரை மனிசன் சொன்னதோ?" என்பதுதான்.

போன வருடம் உடுப்பிட்டியில் என் சொந்தப் பெரியப்பா மோசம் போனார். பக்கத்தில் இருந்தவன் நான்தான். நானே எல்லோருக்கும் போன் பண்ணினேன். ஒருவர் விடாமல் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு வைத்தார்கள். பின்னேரம் சுகந்தி திரும்ப எடுத்துச் சொன்ன பிறகுதான் அழுதுகொண்டு வரத் தொடங்கினார்கள்.