நாலு கம்பத்து வீடு

ஓபர்ஹால்டனில் வீடு கட்ட நினைப்பவர் முதலில் அதைக் கட்டாமல் கட்டிக் காட்ட வேண்டும். வரப்போகும் வீட்டின் மூலைக்கு ஒரு கம்பம் நட்டு, கூரை முடியும் உயரத்தில் குறுக்குக் கட்டை பொருத்தி, ஊரார் பார்வைக்கு விட்டுவிட வேண்டும். தங்கள் வானத்தில் எவ்வளவு பறிபோகிறது என்பதை அவரவர் ஜன்னலில் நின்று, காப்பியை உறிஞ்சியபடி அளந்துகொள்வார்கள். ஆட்சேபம் இருந்தால் எழுதித் தரலாம். சுவிட்சர்லாந்து முழுக்க உள்ள ஜனநாயகம்தான் இது. எங்கள் ஊரில் கொஞ்சம் தூக்கல்.

கஸ்பார் லூதியும் அவர் மனைவி வெரேனாவும் மலைச்சரிவில் மனை வாங்கியதற்குக் காரணம் வெரேனாவின் வலது முட்டி. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைக் குதிக்கச் சொல்லி, தானும் குதித்துக் காட்டியே தேய்ந்த முட்டி. இப்போது வாடகை வீட்டின் மாடிப்படியைப் பார்த்தாலே அதற்குக் கோபம் வருகிறது. முட்டி வலிக்குச் சரிவில் மனையா என்று சிரிக்க வேண்டாம். எங்கள் ஊரில் சமதளம் என்பது கால்பந்து மைதானமும் கல்லறையும்தான். இரண்டிலும் வீடு கட்ட விடுவதில்லை.

சாலை மனையின் மேல்விளிம்பில் போகிறது. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த கஸ்பாரின் திட்டம் எளிமையானது. சாலையோரம் கராஜ், அதை ஒட்டி வாசல், அதே மட்டத்தில் சமையலறை. காரிலிருந்து இறங்கினால் அடுப்பு வரை ஒரு படிகூடக் கிடையாது. ஜன்னலைத் திறந்தால் கீழே ஏரி. கம்பங்களை நட்டார். ஊராட்சியின் கட்டட அலுவலர் சுர்புஹன் அவரை உடனே அழைத்தார்.

"ஐயா, உங்க வீடு பள்ளத்தாக்குக்கு முதுகைக் காட்டுது," என்றார் சுர்புஹன், ஏதோ வீடு அவரையே அவமதித்துவிட்டது போல. "நம்ம ஊரில் பரம்பரையா வீட்டு வாசல் கீழ்ப்பக்கம்தான். பள்ளத்தாக்கைப் பார்த்துத்தான் முகம்."

"கீழ்ப்பக்கம் சாலையே இல்லையே?"

"முகத்துக்குச் சாலை எதுக்கு?"

"சரி, கராஜாவது மேலே இருக்கலாமா?"

"இருக்கலாம். ஆனா சாலையிலிருந்து பார்த்தா தெரியக் கூடாது. ஊர்த் தோற்றம் கெடும்."

"அப்போ கீழே வெச்சிடறேன்."

"பள்ளத்தாக்கிலிருந்து பார்த்தாலும் தெரியக் கூடாது."

கஸ்பார் வரைபடத்தைத் திருப்பிப் பார்த்தார். "கார் அங்கே எப்படிங்க போய்ச் சேரும்?"

சுர்புஹன் இரக்கத்தோடு சிரித்தார். "கார் போறது போக்குவரத்துத் துறை. அது நிக்கிறதுதான் எங்க துறை."

கம்பங்கள் இடம் மாறின. மாறிய மறுநாளே மேல்வீட்டு வேஃப்லர் அம்மாள் சாலையைக் கடந்து வந்தாள்.

"கஸ்பார், உங்க மேலே எனக்கு ஒரு வருத்தமும் இல்லே. ஆனா உங்க கூரை என் ஏரியில பாதியை முழுங்குது. நேத்து ஒரு கப்பல் போச்சு, கொடி மட்டும்தான் தெரிஞ்சுது."

"கப்பல் வருஷம் பூரா போயிட்டுதானே இருக்கு, அம்மா."

"எனக்கு வயசாகுதே!"

கூரை தாழ்ந்தது. கூரை தாழ்ந்ததால் வீடு சரிவில் கீழே இறங்கியது. இறங்கியதால் சாலைக்கும் சமையலறைக்கும் நடுவே படிகள் முளைத்தன. வெரேனா கம்பங்களைப் பார்த்துவிட்டு முட்டியைத் தடவிக்கொண்டாள். கஸ்பாருக்கு அது ஆட்சேபக் கடிதத்தைவிட மோசமாகப் பட்டது.

சிக்கலைத் தீர்க்க சூரிச்சிலிருந்து ஒரு கட்டடக் கலைஞன் வந்தான். கறுப்புச் சட்டை, கறுப்புக் கால்சட்டை. மனையில் மண்டியிட்டு, புல்லைக் கையால் வருடினான்.

"வீடு இந்தச் சரிவோட பேசணும்," என்றான். "வாசல் கண்ணில் படவே கூடாது. இப்போ எங்கேயும் அப்படித்தான். வீட்டுக்குள்ள வர்றதுக்கு முன்னாடி மனுஷன் கொஞ்சம் தொலையணும்."

"என் முட்டி ஏற்கெனவே தொலைஞ்சாச்சு, தம்பி," என்றாள் வெரேனா. "அது போதாதா?"

அவன் அதையும் ஆழமான கருத்து என்று பாராட்டிவிட்டுப் போனான்.

இப்படியாகக் கம்பங்கள் உயர்ந்தன, தாழ்ந்தன, கிழக்கே நகர்ந்தன, மேற்கே திரும்பின. பருவங்கள் போயின. வழி கேட்பவர்களுக்கு ஊரார், "லூதி கம்பத்துக்கிட்ட இடது பக்கம் திரும்புங்க" என்று சொல்லப் பழகினார்கள். மாடுகள் அவற்றில் முதுகைச் சொறிந்துகொண்டன. கல்யாண ஜோடி ஒன்று கம்பங்களுக்கு நடுவே நின்று, பின்னணியில் ஏரி தெரிய, படம் எடுத்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் கஸ்பாரும் வெரேனாவும் மடக்கு நாற்காலிகளோடு வந்து, முதல் திட்டத்தில் சமையலறை இருந்த இடத்தில், சாலை விளிம்பை ஒட்டி உட்கார்ந்து பிளாஸ்க் காப்பி குடித்தார்கள். படியே இல்லாத இடம் அது ஒன்றுதான்.

"கொஞ்சம் தள்ளி உக்காரேன்," என்பாள் வெரேனா. "அடுப்பு மேல உக்காந்திருக்கே."

கடைசியில் சுர்புஹன் மறுபடி அழைத்தார். முகத்தில் பெருமிதம்.

"நல்ல செய்தி. நிலத்தோற்றக் குழு உங்க மனையைப் பார்வையிட்டது. கம்பங்கள் இத்தனை காலம் நின்னுட்டதால, அதுங்க ஊர்த் தோற்றத்தோட ஒரு அங்கம்னு முடிவு பண்ணியிருக்காங்க."

"அப்போ வீடு கட்டலாமா?"

"தாராளமா. கம்பங்களை அப்புறப்படுத்தாம கட்டணும். கம்பங்களை மறைக்காமலும் கட்டணும்."

அந்த வசந்தத்தில், கஸ்பாரின் மனைக்குக் கீழே இருந்த மனையில் புதிதாகக் கம்பங்கள் முளைத்தன. நட்டவர்கள் ஒரு இளம் ஜோடி. கணவன் வழியில் கஸ்பாரைக் கண்டதும் ஓடி வந்து கைகுலுக்கினான்.

"என் அப்பாவுக்கு இடுப்பு சரியில்லைங்க. அதான் எங்க மனைக்குக் கீழே போற சாலை மட்டத்திலேயே கராஜ், வாசல், அவர் அறை எல்லாம். அவருக்கு ஒரு படிகூட இருக்கக் கூடாது. எங்களுக்கு மேல் மாடி."

"நல்ல யோசனை," என்றார் கஸ்பார். மனமாரத்தான் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை நாற்காலியில் உட்கார்ந்தபோதுதான் கண்ணில் பட்டது. காப்பிக் கோப்பை பாதி வழியில் நின்றுவிட்டது. கப்பல் ஒன்று போய்க்கொண்டிருந்தது, புதுக் கம்பங்களின் குறுக்குக் கட்டைக்கு மேலே அதன் கொடி மட்டும் தெரிந்தது.

திங்கட்கிழமை சுர்புஹன் முன்னால் கஸ்பார் நின்றார்.

"என் சமையலறை ஜன்னலிலிருந்து ஏரி மறையுது."

"உங்களுக்குத்தான் சமையலறையே இல்லையே, ஐயா?"

"கம்பம் இருக்கே."

சுர்புஹன் எழுந்து நின்றார். இத்தனை காலத்தில் முதன்முறையாகக் கஸ்பாருக்கு நாற்காலி போட்டார். "உக்காருங்க. இப்பதான் ஒரு நியாயமான விஷயத்தோட வந்திருக்கீங்க."

ஆட்சேபத்தில் மனைவியின் ஒப்பமும் வேண்டியிருந்தது. அன்று மாலை காகிதத்தைக் கையில் வாங்கிய வெரேனா அதை மடித்தாள், மறுபடி பிரித்தாள்.

"அந்தப் பையனோட அப்பாவுக்கு இடுப்பு வலியாமே."

"பாவம்தான்."

"படி ஏறவே முடியாதாம்."

"ரொம்பப் பாவம்."

வெரேனா முட்டியைத் தடவிக்கொண்டாள். பிறகு பேனாவுக்காகக் கையை நீட்டினாள். "கூரையைக் கொஞ்சம் தாழ்த்தினா போதும்னு எழுதியிருக்கே இல்லே? நாம ஒண்ணும் மோசமானவங்க இல்லையே."

அடுத்த ஞாயிறு வேஃப்லர் அம்மாள் வால்நட் கேக்கோடு சாலையைக் கடந்து வந்தாள். சரியாக வாசல் இருந்திருக்கக்கூடிய இடத்தில் நின்று, இல்லாத கதவைத் தட்டுவதுபோல் காற்றில் தட்டிவிட்டு உள்ளே வந்தாள்.

"கேள்விப்பட்டேன்," என்றாள், கஸ்பாரின் கையைப் பிடித்துக்கொண்டு. "இப்பதான் நீங்க ரெண்டு பேரும் இந்த ஊர்க்காரங்க ஆனீங்க."